நம்ம மரக்கறி விவசாயிகள் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மாசக்கூட்டம் ஒழுங்கா நடந்திச்சி, சந்தா பாக்கி கொஞ்சம் இருக்கு, கணக்க பொருளாளர் வாசிப்பாரு, நான் நேரா இலை நோய் விஷயத்துக்கு வாறேன், இந்த வருஷம் கூட்டத்துக்கு கூட்டம் நாம பேசினது அதத்தான்.

நம்ம நுவரெலியா மாவட்டத்துல கந்தப்பளை, ராகலை பக்கம் நாலு நாள் மழையும் மிஸ்ட்டுமா நின்னா உருளைக்கிழங்குல பின்வெளிறல்ங்கிற இலை கருகுற நோய் வந்திரும், உடனே மருந்து டேங்க தூக்கிட்டு ஓடுறோம், ஆனா செடியும் தனக்குன்னு மருந்து செஞ்சிக்கிதுங்கிறத நெனச்சி பாக்கிறதில்ல. 1940ல ஜெர்மனில முல்லர், போர்கர்னு ரெண்டு பேரு வெட்டின கிழங்குல அந்த ரகத்த தாக்க முடியாத வெளிறல் கிருமிய மொதல்ல வச்சி, பொறகு தாக்கக்கூடிய கிருமிய அதே இடத்துல வச்சிருக்காங்க, ரெண்டாவது வளரவே இல்ல. கிருமி தொட்டதுக்குப் பொறகு செடி புதுசா செய்ற அந்த பொருளுக்கு ஃபைட்டோஅலெக்சின்னு பேரு வச்சாங்க. உருளைக்கிழங்குல அது ரிஷிட்டின், போஞ்சில ஃபேசியோலின். தக்காளி இலையில டொமட்டின்னு ஒரு காப்பு பொருள் நோய் வாறதுக்கு முன்னாடியே இருக்கு, ஆனா இலைப்புள்ளி போடுற செப்டோரியா பங்கஸ் அத உடைக்கிற என்சைம்னு ஒரு பொருள வச்சிருக்கு.

போஞ்சி இலைய வெளிச்சத்துல புடிச்சி பாருங்க. ஊசிமுனை அளவு பழுப்பு புள்ளி காஞ்சி அப்படியே நின்னிருந்தா, செடி தன்னோட செல்ல தானே சாகடிச்சி துரு நோய அங்கேயே மறிச்சிருக்கு, அந்த ரகத்து விதைய பத்திரமா எடுத்து வைங்க. கொப்புளம் வெடிச்சி துருப்பொடி வெரல்ல ஒட்டினா அந்த ரகம் வேணாம்.

யூரியாவ அள்ளி போட்டா இலை தளதளன்னு வரும், ஆனா நோய மறிக்கிற காப்பு பொருள் கொறையும், அடர்த்தியான செடிக்குள்ள ஈரமும் காயாது. அதுக்காக அடியோட நிப்பாட்டவும் கூடாது, பசளை இல்லாம வாடின செடிலதான் வளையம் வளையமா புள்ளி போடுற முன்வெளிறல் நோய் அதிகமா வரும், 2021ல ரசாயன பசளை தடை வந்தப்ப பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பின்வெளிறலுக்கு செடியோட மருந்து மட்டும் போதவே போதாது, மழை நாள்ல பங்கஸ் மருந்து அடிக்கத்தான் வேணும், இத நான் அழுத்தியே சொல்றேன்.

வாற போகத்துக்கு ஒவ்வொருத்தரும் ஒரு பாத்தில செடிய நெருக்கமில்லாம தள்ளி தள்ளி நட்டு, யூரியாவ அளவா பிரிச்சி போட்டு, இலைய பாத்து எழுதி வைங்க. சீதாஎலிய ஆராய்ச்சி நிலையத்துல எதிர்ப்பு ரகம் பத்தி கேக்க கடிதம் எழுதியாச்சி, கூட வாறவங்க இன்னைக்கே பேரு குடுங்க.