அலமாரி ஏன் முதலில் அசையவில்லை? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை நம் தமிழ் வகுப்பில் புத்தக அலமாரி ஒன்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது. தொடக்கநிலை 6 பையன்கள் இரண்டு பேர் தள்ளினார்கள், அசையவில்லை, முக்கித் தள்ளினார்கள், திடீரென்று கிளம்பிய அலமாரி அப்புறம் அவ்வளவு பலம் கேட்காமலே நகர்ந்தது. "ஏன் சார், முதலில் மட்டும் இவ்வளவு கஷ்டம்?" என்றான் ஒருவன். நீயே சொல் என்றேன். "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்" என்று அசெஸ்மெண்ட் புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தான். சரி, நகராத அலமாரியில் இயக்கமே இல்லையே, எதை எதிர்த்தது? முழித்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். உராய்வு எதிர்ப்பது இயக்கத்தை அல்ல, இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை. அலமாரியை 20 நியூட்டன் விசையில் தள்ளினால் தரை 20 நியூட்டனில் பிடித்துக்கொள்ளும், 50 என்றால் 50. இதுதான் நிலை உராய்வு. இதற்கு ஓர் உச்சம் உண்டு, அதைத் தாண்டினால் பிடி விட்டுவிடும், பிறகு மிஞ்சுவது நழுவு உராய்வு. பெரும்பாலும் அது அந்த உச்சத்தைவிடக் குறைவு, அதனால்தான் கிளம்பிய அலமாரி சுலபமாகப் போனது. நாம் நடப்பதும் நிலை உராய்வால்தான்: கால் தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. டேக்கா சந்தையில் மீன்கடைப் பக்கம் ஈரத் தரையில் தேய்ந்த செருப்போடு போனவர்களுக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உருளும் உராய்வு இன்னும் குறைவு. எம்ஆர்டி ரயிலில் இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம், இரண்டும் அதிகம் நசுங்காது, அதனால் ஆற்றல் இழப்பு குறைவு. புக்கிட் பாஞ்சாங்கில் ஓடும் எல்ஆர்டி என்ற இலகு ரயிலுக்கு ரப்பர் டயர், உருளும்போது நசுங்கி நசுங்கி மீள்வதால் இழப்பு கூடும், ஆனால் ஏற்றத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். தண்ணீரும் காற்றும் கொடுக்கும் பாய்ம உராய்வுக்கு நீச்சல்குளம் போதும்; இடுப்பளவு தண்ணீரில் மெல்ல நடக்கச் சொல்லுங்கள், பிறகு ஓடச் சொல்லுங்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ப்ளீஸ். வழுக்குவது, சறுக்குவது, உருள்வது என்று தமிழில் தனித்தனி வினைகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்கினால் போதும்.

இந்த வாரம் வீட்டில் ஒரு தட்டின்மேல் மைலோ டின்னை நிமிர்த்தி வைத்து, தட்டின் ஒரு பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தூக்கச் சொல்லுங்கள். எப்போது நழுவுகிறது? அதே டின்னைப் படுக்க வைத்தால்? பிரிக்காத டிஷ்யூ பெட்டியையும் ஒருமுறை படுக்கையாக, ஒருமுறை பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பெட்டி இரண்டு விதத்திலும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில்தான் நழுவும். தொடும் பரப்பின் அளவு உராய்வை மாற்றுவதில்லை என்று அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699லேயே சொன்னது இது. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், நம்பாமலே இருக்கட்டும், அளந்து பார்க்கட்டும்.

அளந்ததை ஒரு தாளில், தமிழில், எழுதிக்கொண்டு சனிக்கிழமை வரட்டும். மைலோ டின்னின் மூடியை மட்டும் இறுக்கி மூடிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்