திருப்பி அனுப்ப முடியாத நாய்க்குட்டி குறித்து ஒரு புகார்

அனுப்புநர்:
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்களுக்கு நாய்க்குட்டி விற்ற நிறுவனம்.

நாள்: 07.07.2025

பொருள்: ‘மூச்சுத் தொந்தரவே வராத கிராஸ்’ என்று சொல்லி விற்ற பகிள் (சப்பை முகப் பக், வேட்டை நாய் பீகிள் இரண்டின் கலப்பு) குட்டி - தொடர்பாக.

ஐயா,

வணக்கம். போன வாரம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. “குறைபாடுள்ள யூனிட்டை ஏழு நாட்களுக்குள் கூண்டோடு திருப்பி அனுப்பினால், அதே பெற்றோரின் அடுத்த ஈற்றிலிருந்து மாற்றுக் குட்டி இலவசமாக வழங்கப்படும்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த யூனிட் இப்போது என் காலடியில்தான் படுத்துத் தூங்குகிறது. அதற்குப் பெயர் ஒப்புட்டு, அதாவது போளி. சப்பையான முகத்தைப் பார்த்ததும் என் மகள் வைத்த பெயர். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது ‘யூனிட்’ என்ற சொல்லில் மட்டுமல்ல, ‘அதே பெற்றோர்’ என்ற சொல்லிலும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் நாற்பது வருடமாகப் போய் வருகிறவர். காங்கயம் காளை ஒன்று பிடிப்பதென்றால் வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்து 38,000 ரூபாய் அனுப்பிவிட்டோம். 2024 நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு குட்டி வந்து இறங்கியது. மாமா கையில் தூக்கி, உதட்டை விலக்கிப் பார்த்தார். “ஏனம்மிணி, கடைவாய்ப் பல்லு முழுசா மொளைக்கவே இல்ல. பால் மறக்கறதுக்குள்ள தாயிகிட்ட இருந்து புடுங்கிட்டு வந்துட்டாங்க. அது போகட்டும், மூக்கு எங்க?” என்றார்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். பிறகு ஊசி போடக் கூட்டிப்போனபோது மருத்துவரும் பல்லைப் பார்த்துவிட்டு ஆறு வாரத்துக்கு மேல் இருக்காது என்றார். உங்கள் தடுப்பூசி அட்டையில் ஒன்பது வாரம் என்று இருக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. மூன்று மாதத்தில் வரும் என்று சொன்ன கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழ் எட்டு மாதமாகியும் வரவில்லை. வரவும் வராது. கென்னல் கிளப் பதிவுச் சான்று தூய இனங்களுக்குத்தான்; பக்கையும் பீகிளையும் சேர்த்துப் பிறந்த குட்டிக்கு அதில் இடமே இல்லை. இது உங்களுக்குத் தெரியாமலா 1,500 ரூபாய் தனியாக வாங்கினீர்கள்? ஆனாலும் வயது, சான்றிதழ் இரண்டும் எனக்குச் சில்லறை. நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு.

எங்களுக்குப் பக் மேல் ஆசை இருந்தது உண்மை. 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடிய நாயைப் பார்த்து ஆசைப்பட்ட தலைமுறை நாங்கள். ஆனால் பக் வெயில் தாங்காது, மூச்சு இளைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு விட்டுவிட்டோம். அந்தப் பயத்துக்குத்தான் உங்கள் விளம்பரம் மருந்து போட்டது. “பக்கின் முகம், பீகிளின் மூச்சு” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஃபோனில் பேசிய உங்கள் பெண்ணிடம் எங்கள் ஊர் வெயிலைச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். “கிராஸ் பண்ணாலே அந்தப் பிரச்சினை போயிடும் மேடம், இது ஹைப்ரிட், நம்ம கிளைமேட்டுக்கு சூப்பரா செட் ஆகும்” என்றார். நாங்கள் ஹைப்ரிட் தென்னை வைத்திருக்கிறவர்கள். அந்தச் சொல்லில் மயங்கியது இயல்புதானே.

எங்களுக்குத் தேங்காய்ப் பருப்புக் களம் இருக்கிறது. காங்கயத்துப் பக்கம் களம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏக்கர் கணக்கில் சிமென்ட் தரை, அதில் உடைத்த தேங்காய் வெயிலில் காயும். காலை பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஏப்ரல் 17-ஆம் தேதி பத்தரை மணி இருக்கும். கீரி ஒன்று மட்டைக் குவியலில் இருந்து குறுக்கே ஓடியது. ஒப்புட்டு அது போன தடத்தை மோந்துகொண்டே ஓடினாள். கீரி வேலிக்கு அப்பால் போய் வெகுநேரம் ஆகியும் இவள் மூக்கைத் தரையில் வைத்தபடி சுற்றிச் சுற்றி வந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை.

களத்தில் எங்கள் நாட்டு நாய் மணியனும் இருக்கிறான். நீள மூக்கு, ஒட்டிய வயிறு. பத்து மணியானால் வேப்பமரத்தடியில் தானே தோண்டிய குழியில் போய்ப் படுத்துக்கொள்வான். கீரி இல்லை, புலியே போனாலும் தலையை மட்டும்தான் தூக்குவான். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. இவளுக்குத் தெரியவில்லை. தெரியாதபடி நீங்கள் பிறக்கவைத்திருக்கிறீர்கள்.

மாவு மில்லில் பெல்ட் நழுவினால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடினோம். நாலு காலும் பரப்பிக் கிடந்தாள். நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். வாயோரம் கோழையாக நுரை. பருப்பு நோண்டிக்கொண்டிருந்த பெண்கள் குழாயை இழுத்து வந்து வயிற்றிலும் தொடையிலும் தண்ணீர் பீய்ச்சினார்கள்; மாமா முறத்தை எடுத்து விசிறினார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார், நல்லவேளை என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். ஊற்றியிருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று பிறகு தெரிந்தது. ஈரச் சாக்கில் சுருட்டி வண்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனபோது உடம்புச் சூடு 106.2 டிகிரி. நாய்க்கு இருக்க வேண்டியது 101-இல் இருந்து 102.5 வரை. வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததால்தான் பிழைத்தாள் என்றார்.

அவர் சொல்லித்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். விடியக்காலை மூன்றரைக்கு, ஜன்னலில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு. அங்கே இருந்த மருத்துவர் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை. ஒரு நூலை எடுத்து மூக்கு நுனியில் இருந்து கண்ணுக்கு நடுவே உள்ள பள்ளம் வரை ஓர் அளவு, அந்தப் பள்ளத்தில் இருந்து பின்மண்டை வரை ஓர் அளவு. என் மகளைவிட்டே மடித்துப் பார்க்கச் சொன்னார். மண்டை அளவுக்குள் மூக்கு அளவு ஐந்து முறை போயிற்று. நெதர்லாந்தில் மூக்கு நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கே விடக் கூடாது என்று 2019-இல் இருந்து கட்டுப்பாடு இருக்கிறதாம்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். இளைத்து இளைத்து, நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். முகம் சப்பையான நாய்க்கு எலும்புதான் சுருங்குகிறதே தவிர உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. மூன்று அறை வீட்டுச் சாமானை ஓர் அறைக்குள் திணித்த மாதிரி. ஒப்புட்டுக்கு மூக்குத் துவாரம் இரண்டும் நெல் கீறின கீறல்போல இருந்தது. மேல் அண்ணத்தின் பின்சதை நீண்டு தொங்கி மூச்சுக் குழாயின் வாயில் விழுந்து விழுந்து எழுந்தது. நாங்கள் அழகு என்று வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய குறட்டை அதுதான். உங்கள் கையேட்டிலும் நான்காம் பக்கத்தில் “செல்லக் குறட்டை” என்று பூப்போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். நோயின் அறிகுறியைப் பூப்போட்டு அச்சடித்திருக்கிறீர்கள் ஐயா.

இனி உங்கள் ‘கிராஸ்’ கதைக்கு வருகிறேன். இரண்டு இனத்தைச் சேர்த்தால் குட்டிக்கு இரண்டிலும் நல்லது மட்டும் வரும் என்று எந்தச் சாமி வரம் கொடுத்தது? ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு மூக்கு நீண்டிருக்கும், ஒன்றுக்குச் சப்பையாக இருக்கும். மூக்கு நீண்ட பகிள் ஓரளவு நன்றாகவே மூச்சு விடும் என்று மருத்துவரே சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் சப்பை முகக் குட்டிக்கு 38,000, அதனுடன் பிறந்த நீள மூக்குக் குட்டிக்கு 22,000. மூச்சு விடுகிற குட்டி மலிவு, மூச்சு முட்டுகிற குட்டி விலை அதிகம்! எங்களுக்கு வந்தவளுக்குப் பீகிளின் காலும் மோப்பமும் பிடிவாதமும் வந்திருக்கின்றன. மூச்சுக் குழாய் மட்டும் பக்கிடமிருந்து. பக்காக இருந்திருந்தால் பத்தடி ஓடிக் களைத்து உட்கார்ந்திருப்பாள். முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனத்தின் வேகத்தை அந்தத் தொண்டையில் கட்டிவிட்டதால்தான் விழுகிற வரைக்கும் ஓடினாள். கிராஸ் அவளைக் காப்பாற்றவில்லை, களத்தில் தள்ளியது.

ஜூன் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, அண்ணத்துச் சதையைக் கொஞ்சம் வெட்டினார்கள். சப்பை மூக்கு நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதே கண்டம் என்று கையெழுத்து வாங்கினார்கள். நன்றாகத் தெளிந்து தலை தூக்கும் வரை தொண்டைக் குழாயை எடுக்கவில்லை. அதுவரை என் மகள் வராந்தாவில் ஒரு வாய் சோறு தின்னவில்லை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை. சத்தமே இல்லாமல் படுத்திருந்தாள். மூச்சு இருக்கிறதா என்று மாமா மூன்று முறை டார்ச் அடித்துப் பார்த்தார்.

இப்போது எங்களுக்கு அவளை வளர்க்கத் தெரிகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு நடை, பொழுது சாய்ந்து தரை ஆறியபின் ஒரு நடை. கழுத்துப் பட்டை கிடையாது. அது மூச்சுக் குழாயை அழுத்தும், மார்புக் கச்சைதான். முகத்து மடிப்பைத் தினமும் துடைத்து ஈரம் இல்லாமல் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகி நாறும். கண் பிதுங்கி இருப்பதால் தேங்காய் நார்ப் பக்கம் விடுவதில்லை. தேங்காய்ப் பருப்பு அறவே கூடாது. களத்தில் திருடித் தின்றே 11.4 கிலோ ஆகியிருந்தாள். எடை கூடக்கூட மூச்சுக்கு வழி குறையும். இப்போது 9.8. ஆனால் களத்துப் பெண்கள் இன்னும் முந்தானையில் மறைத்துக் கொடுக்கிறார்கள், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. காவலுக்கும் உதவ மாட்டாள். கரண்ட் பில் எடுக்க வருகிறவர் மடியில் ஏறி உட்காருகிறாள். என் மகள் பாடம் படித்து முடிக்கிற வரை புத்தகத்தின் மேலேயே படுத்திருக்கிறாள். வீட்டு நாயாக அவளிடம் ஒரு குறையும் இல்லை. நான் இந்தப் பத்தியில் எழுதியிருப்பதை ஒரு பக்கமாக அச்சடித்துக் குட்டியோடு கொடுத்திருந்தால் உங்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

நான் கேட்பது இவ்வளவுதான். சிகிச்சைக்கும் மருந்துக்கும் போக்குவரத்துக்கும் ஆன 31,260 ரூபாயைத் தர வேண்டும், ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். வராத சான்றிதழுக்கு வாங்கிய 1,500 ரூபாயையும் தர வேண்டும். “பீகிளின் மூச்சு” என்ற வரி உங்கள் விளம்பரத்தில் இனி இருக்கக் கூடாது. இவை மூன்றையும்விட முக்கியமானது ‘அதே பெற்றோர்’. இப்படி ஒரு குட்டி பிறந்தது உங்களுக்குத் தெரிந்த பிறகும், அதே சோடியை மறுபடி சேர்த்து, அந்த ஈற்றில் இருந்தே எனக்கு ஒன்று தருவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு காளைக்குப் பிறந்த கன்று சவலையாகப் போனால் அடுத்த முறை பசுவை அதனிடம் ஓட்ட மாட்டார்கள். அந்தச் சோடியை நிறுத்தியதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்த ஈற்றுக் குட்டிகளை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மூச்சைச் சோதித்துக்கொள்ளச் சொல்லித் தகவலும் போக வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. உங்கள் விளம்பரப் படம், மின்னஞ்சல், தடுப்பூசி அட்டை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று முன்தினம் உங்கள் ஆள் ஒருவர் ‘பிக்கப்’ என்று சொல்லிக் கூண்டு வாங்க வந்தார். பாவம், சின்னப் பையன், கோயமுத்தூரில் இருந்து வண்டியில் வெயிலில் வந்திருந்தான். மாமா அவனைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஒப்புட்டு அவன் ஷூவை மோந்துவிட்டு அவன் மடியில் ஏறிக்கொண்டாள். கூண்டை மட்டும் கழுவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். வந்து சேர்ந்ததற்கு ரசீது அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்