நிலநடுக்க நிலையம் ஓட ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு பற்றிய உங்கள் கட்டுரை, அங்கே நிலநடுக்க ஆய்வு பின்தங்கியிருக்கக் கருவிப் பஞ்சமே காரணம் என்கிறது. பாதிதான் சரி. கருவி பல நேரம் நன்கொடையாகவே வந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

நிலநடுக்கமானியும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 3 வாட் இழுக்கும் என்று வையுங்கள்; 12 வோல்ட்டில் நாளுக்கு 6 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை இறக்கினால் வெயிலே இல்லாமல் எட்டு நாள் ஓடும். இது காகிதக் கணக்கு. சோலார் பேனலில் புழுதி படிந்து, சார்ஜ் கன்ட்ரோலரும் பழுதானால் பேட்டரி அடியோடு இறங்கும்; சில முறை அப்படி இறங்கிய ஈய-அமில பேட்டரி தேறாது. ஆளில்லாக் காட்டில் வைத்தால் பேனல் களவு போகும். பள்ளிக்கூட வளாகத்தில் வைத்தால் பிள்ளைகள் ஓடுவதெல்லாம் பதிவாகும்.

நின்றுபோன நிலையமாவது பரவாயில்லை. தப்பாக ஓடும் நிலையம்தான் ஆபத்து. பதிவுப் பெட்டியின் கடிகாரத்தைச் சரியாக வைப்பது ஜிபிஎஸ். அதன் ஆன்டெனா கேபிளை எலி கடித்தால் பதிவு நிற்காது, கடிகாரம் மட்டும் தன்போக்கில் போகும். நாளுக்கு 0.05 நொடி பிசகினால் 20 நாளில் 1 நொடி. புவி மேலோட்டில் முதன்மை அலை (நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் அலை) நொடிக்குச் சுமார் 6 கி.மீ. பாய்வதால், அந்த நிலையம் சொல்லும் தூரமும் சுமார் 6 கி.மீ. தவறும். நெருக்கமாக நிலையங்கள் இருந்தால் உடனே அகப்படும். 400 கி.மீ.க்கு ஒன்று என்றால்? பெட்டியை மாற்றியவர் அதன் பெருக்க அளவை (அதிர்வை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) கோப்பில் திருத்த மறந்தாலும் இதே கதிதான்: இருமடங்குத் தவறு, நிலநடுக்க அளவில் 0.3 ஆகும். தொலைதூரப் பெருநடுக்கம் ஒன்றின், மெதுவாக ஆடும் நீண்ட அலைகளை அண்டை நிலையத்தோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். அதைத் தெரிந்தவர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

2009 டிசம்பரில் இதே பிளவுப் பள்ளத்தாக்கில் உள்ள மலாவியின் கரோங்கா அடுத்தடுத்து அதிர்ந்தது, பெரியதன் அளவு 6.0. வெளிநாட்டார் துணையோடு தற்காலிக நிலையங்கள் வந்தது 2010 ஜனவரியில். பெரிய அதிர்வுகள் அதற்குள் முடிந்திருந்தன.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் அந்நாட்டுப் புவி அறிவியல் கழகமும் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் 2004இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கா அரே' திட்டம், நிலையத்தையும் படிப்பையும் சேர்த்தே கட்டியது. அதன் களப்பள்ளியில் மாணவர்களே நிலத்தின் ஈர்ப்பு, காந்தம், மின்தடை அளவீடுகளை எடுத்து, கணக்கிட்டு, அறிக்கையும் எழுதுகிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரே வரி!

நன்கொடையாளர்கள் கருவி விலையோடு உதிரி ஆன்டெனா, பேட்டரி, சுங்கவரி, வண்டிக்கு டீசல், டெக்னீஷியனின் ஐந்தாண்டுச் சம்பளம் ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்புகிறவருக்கு எந்தத் துறையில் எந்தப் பணியிடம் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
நிலநடுக்கக் கருவித் துறை வாசகர்