அப்பாவின் ரிப்போர்ட் பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். டவுனுக்கு வெளியே எங்கே திரும்பினாலும் செம்பனைதான், உள்ளே போனால் நம்ம ஊர் மாதிரி, கோயில் மணி, ஒட்டுக்கடை இட்லி, மகாத்மா காந்தி கலாசாலை விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம்.

அப்பாவின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ., அதாவது மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியின் புரதம், கூடியிருக்கிறது என்றதும் கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி இல்லை அக்கா. புரோஸ்டேட்டில் வெறும் அழற்சி, அதாவது புண்பட்டதுபோல் சிவந்து வீங்குவது, இருந்தாலும், கிருமி தொற்றியிருந்தாலும், வயதாகிச் சுரப்பி பெருத்திருந்தாலும் அது கூடும். ஆனால் அத்தான் வாங்கி வந்த 'வீக்கத்தை வற்றவைக்கும்' பொடியைக் கொடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரத் தாத்தா அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர், சிகரெட்டும் விடாதவர். வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போனதை உடம்புச் சூடு என்று இரண்டு மாதம் இளநீர் குடித்தே ஓட்டிவிட்டார். பார்த்தால் மூத்திரப்பையில் புற்றுநோய். நல்லவேளை தசைக்குள் இறங்கவில்லை, ஈப்போவில் சுரண்டி எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நம் பயோகெமிஸ்ட்ரி வகுப்பு அப்படியே ஞாபகம் வந்தது.

உடம்பில் ஒரு இடம் புண்பட்டால் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி அனுப்பும், அழற்சி கிளம்புவது அப்படித்தான். சைட்டோகைன் என்கிற சின்னப் புரதங்கள்தான் அந்தச் சேதி, இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. புண் ஆறியதும் அவை அடங்க வேண்டும். சிகரெட் புகையின் நச்சு மூத்திரத்தோடு பையில் தேங்கி வருஷக்கணக்கில் உறுத்தினால் செல்லின் மரபணுவும் கெடும், சேதியும் அடங்காது. இன்டர்லூக்கின் 6 செல்லின் மேல் வந்து ஒட்டினால் உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் விழித்துக்கொண்டு 'சாகாதே, பெருகு' என்று சொல்கிற மரபணுக்களைத் திறந்துவிடும். புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் ஆண் ஹார்மோன் குறைந்திருக்கும்போதுகூட அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தை இன்டர்லூக்கின் 6 உசுப்பிவிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "மரத்துக்கும் அப்படித்தான் தம்பி, கத்தி ஆழமா இறங்கிட்டா அந்த இடத்துல பட்டை முடிச்சு முடிச்சாத்தான் வளரும்" என்றார்.

சரி, அழற்சியை அணைத்துவிட்டால் போதுமே என்று அத்தான் கேட்பார். இன்டர்லூக்கின் 6ஐ மட்டும் தடுக்கும் மருந்தை முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆயுள் நீளவில்லை. தாத்தாவுக்கு நடப்பதோ நேர் எதிர், வேண்டுமென்றே அழற்சியைக் கிளப்புகிறார்கள்! நம் தோளில் தழும்பு இருக்கிறதே, கிண்டியில் தயாரிப்பார்களே, அதே பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி மருந்துதான். கனடாவில் மொராலஸ் என்ற டாக்டர் இதை மூத்திரப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்து 1976இல் எழுதினார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம், குழாய் வழியாக வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியைப் பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைக்கச் சொல்கிறார்கள். அப்போது அதே இன்டர்லூக்கின் 6ம் டி.என்.எஃப்.பும் மூத்திரத்திலேயே ஏறுகின்றன, வெள்ளணுக்கள் படையாகக் கூடி மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தாக்குகின்றன. தாத்தா ராத்திரி குளிரில் நடுங்குவார். ஆறு மணி நேரத்துக்கு அவர் கழிவறைக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் நான் கிருமியைக் கொல்ல க்ளோராக்ஸ் என்கிற பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒரே புரதம் ஓரிடத்தில் நோயை வளர்க்கிறது, இன்னோரிடத்தில் அதைக் கொல்லும் படையைக் கூட்டுகிறது. இதைப் பொடி போட்டு நாமே அடக்கப் பார்க்கலாமா? முதலில் அப்பாவுக்கு மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா பாருங்கள், பி.எஸ்.ஏ. மறுபடி எடுங்கள், டாக்டர் ஸ்கேனோ பயாப்ஸியோ சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். பணம் திங்கட்கிழமை போடுகிறேன். அப்புறம், அத்தானின் பீடிக்கட்டை நீயே எடுத்து அடுப்பில் போடு, நான் சொன்னேன் என்று சொல்.

வியாழக்கிழமை தாத்தாவுக்கு ஐந்தாவது வாரம், லீவு போட்டிருக்கிறேன். அதற்குள் அப்பா ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு.

உன் தம்பி