கிளாம்சி விறகுத் தெப்பங்கள்: தோள்கொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் யோன் ஆறும் புவ்ரோன் ஆறும் கூடுமிடத்தில் உள்ள சிற்றூர் கிளாம்சி. பாரிஸ் குளிர்காய விறகு அனுப்பியே முந்நூறு ஆண்டுக்கு மேல் பிழைத்த ஊர். அதன் வரலாற்றைத் தமிழில் தொகுக்க உதவிய அனைவருக்கும் நன்றி.

முத்திரைச் சுத்தியல்களை விளக்கியவர்களுக்கு முதல் நன்றி. அருகிலுள்ள மோர்வான் மலைக்காட்டில் வெட்டிய கட்டை 1.14 மீட்டர் நீளம். அதை ஓடைகளில் உதிரியாக மிதக்கவிட்டுக் கிளாம்சிக்கு அனுப்புவார்கள். பல வியாபாரிகளின் சரக்கு ஒரே நீரில் கலந்து வருவதால் முனைகளில் அவரவர் முத்திரையை அடித்துவிடுவார்கள். கிளாம்சியில் கரையேற்றியதும் அதைப் பார்த்துப் பிரிப்பார்கள்.

நீர்க்கணக்கைத் திருத்தித் தந்தவருக்குத் தனி நன்றி. ஓடைகளின் இயல்பான நீர் கட்டைகளைத் தூக்காது. குளங்களில் தேக்கி மதகைத் திறந்துவிட வேண்டும். நீர் குறைந்தால் கட்டைகள் தட்டி நிற்கும், மிகுந்தால் கரைமீறிப் புல்வெளியில் ஏறிவிடும். 1858-ல் முடிந்த செத்தோன் அணையைக் கட்டியதே இதற்காகத்தான். சரியாகக் காயாத கட்டை மூழ்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வாத்து'! அடியிலிருந்து கொக்கி போட்டு இழுக்க வேண்டும்.

கிளாம்சியில் பிரித்த கட்டைகளைப் பாரிசுக்கு அனுப்பத் தெப்பம் கட்டும் முறையை வரைந்து காட்டியவரை மறக்க முடியாது. ஆணியே கிடையாது, முறுக்கிய இளங்கொம்புகள்தான் கயிறு. கட்டைகளை அடுக்கிக் கட்டிய 18 பகுதிகளைக் கோத்தால் ஒரு தெப்பம்: நீளம் ஏறக்குறைய 72 மீட்டர், அகலம் 4.5 மீட்டர், விறகு சுமார் 200 கனமீட்டர் அடுக்கு. இதை அவர்கள் 'ட்ரேன்' என்றார்கள், ரயில் வருவதற்கு வெகுமுன்பே. மதகுகளின் குறுகிய வாயில்தான் ஆபத்து. அங்கே கழி பிடிப்பவர் சற்றுப் பிசகினாலும் கட்டு அவிழும். பாரிசில் விறகை இறக்கிவிட்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஊர் திரும்புவார்கள்.

ஆவணக் காப்பாளருக்கும் நன்றி. விறகை மிதக்கவிட்டு அனுப்பும் முறையின் தொடக்கமாக ழான் ரூவே என்ற விறகு வியாபாரியையும் 1549-ஐயும் சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கம்; பாலத்தில் அவருக்கு மார்பளவுச் சிலையும் உண்டு. ஆனால் அம்முறையை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்பது மிகை. அவருக்கு முன்பே முயன்றவர்கள் இருந்தார்கள். அந்தப் பாலத்தின் பெயர் பெத்லெகேம். 1168-ல் புனித பூமியில் இறந்த நெவேர் கோமகன் நான்காம் கியோம், இங்கிருந்த மருத்துவமனையைப் பெத்லெகேம் ஆயருக்கு எழுதி வைத்தார். 13-ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சுப் புரட்சி வரை அந்த ஆயர்கள் இவ்வூரில்தான் இருந்தார்கள்.

கடைசித் தெப்பம் போனது 1877-ல், கடைசியாக உதிரிக் கட்டைகள் மிதந்தது 1923-ல். இரண்டையும் ஒன்றாக்கியிருந்த முதல் படியில் சிவப்பு மையால் கோடிட்டவருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
தொகுப்பாளர்கள்