யூடியூப்ல வானிலை சொல்ற அண்ணன்களுக்கு ஒரு மடல்

அண்ணன்களா, தம்பிகளா, வணக்கம். புயல் சீசன்ல ராத்திரி பதினோரு மணிக்கு நீங்க லைவ் போட்டா தூங்காம உக்காந்து பாக்குற ஆளுதான் நானும், அதனால இத சண்டையா எடுத்துக்காதீங்க. சிவப்பு மேப் ஒண்ண காட்டி "வங்கக்கடல் இப்ப 30.4 டிகிரி, கொதிக்குது"னு சொல்றீங்கல்ல, அந்த புள்ளிக்கு அப்புறம் வர்ற 4 எங்கேருந்து வந்துச்சுனு என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?

அந்த மேப்புக்கு டேட்டா தர்ற சாட்டிலைட் கடல்ல தெர்மாமீட்டர் விட்டு பாக்கல. கடல்லேருந்து வர்ற இன்ஃப்ராரெட் கதிர, அதாவது கண்ணுக்கு தெரியாத வெப்பக் கதிர அளந்து கணக்கு போடுது, அதுக்கு தெரியறது தண்ணியோட மேல்தோல் மட்டும்தான், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு கனம். காத்தே இல்லாத வெயில் நாள்ல மேல மட்டும் ரெண்டு மூணு டிகிரி ஏறி நிக்கும், குளத்துல குளிச்சவங்களுக்கு தெரியும், கழுத்துக்கிட்ட வெதுவெதுப்பு கால்ல சில்லுனு. நடுவுல காத்துல இருக்குற ஈரத்த வேற கழிக்கணும், எல்லாம் கழிச்சு வானமும் தெளிவா இருந்தாலே அரை டிகிரி வாக்குல முன்னபின்ன இருக்கும்.

மேகம் வந்தா இன்ஃப்ராரெட்டுக்கு கடலே தெரியாது, புயல் வரப்போற எடத்துல மேகம் இல்லாம இருக்குமா சொல்லுங்க? மைக்ரோவேவ் கதிர அளக்குற சாட்டிலைட் மேகத்த தாண்டி பாக்கும், ஆனா கனமழைல தடுமாறும், கரையோரத்துல நிலத்தோட சிக்னல் கலந்து குழப்பிரும். அதனால நீங்க காட்டுற மேப்ல பாதி எடம் முந்தின நாள் டேட்டா, கடல்ல மிதந்துக்கிட்டே சூட்ட அளக்குற மிதவைக் கருவியோட டேட்டா எல்லாம் வச்சு நிரப்பினதா கூட இருக்கலாம்.

1982ல நடந்தத கேளுங்க. மெக்சிகோல எல் சிச்சோன் எரிமலை வெடிச்சு, கந்தகப் படலம் மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, அதாவது மழை மேகத்துக்கும் மேல இருக்குற காத்து அடுக்குல பரவிருச்சு. சாட்டிலைட்டுக்கு அது எரிமலைப் படலம்னு தெரியல, கீழ கடல்தான் ஆறிப்போச்சுனு கணக்கு சொல்லிருச்சு. அதே வருசம் பசிபிக் கடல்ல அந்த நூற்றாண்டோட பெரிய எல் நினோல ஒண்ணு, அதாவது பூமத்திய ரேகைக்கிட்ட கடல் வழக்கத்த விட சூடாகுற நிகழ்வு, வளந்துக்கிட்டு இருந்துச்சு, பெரிய பெரிய ஆளுங்களே அத லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த அடிக்கு அப்புறம்தான் பூமத்திய ரேகை நெடுக வரிசையா மிதவை போட்டு, 1994ல ஒருவழியா முடிச்சாங்க.

சாட்டிலைட் வேஸ்ட்னு சொல்ல வரல, கப்பலே போகாத கடல்ல நமக்கு அதுதான் கண்ணு. ஆனா புயலுக்கு தீனி போடுறது மேல்தோல் இல்ல, சூடு எத்தன மீட்டர் ஆழம் வரைக்கும் எறங்கியிருக்குங்கறதுதான், அது அந்த சிவப்புல தெரியாது, ஆர்கோனு தானா முங்கி எந்திரிக்கிற மிதவை மாதிரி கருவி உள்ள போய் அளந்தாத்தான் சரியா தெரியும்.

அதனால மேப் காட்டுறப்ப அது எந்த நாளோடது, நேரா பாத்ததா நிரப்பினதானு ஒரு வரி சொல்லுங்க, பக்கத்துல மிதவை அளவு இருந்தா அதையும் சேத்து காட்டுங்க, 30.4க்கு பதிலா "30 சுமார்"னு சொன்னா உங்க மரியாத ஒண்ணும் கொறஞ்சிராது. அப்புறம் அந்த சைரன் சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க, எங்கம்மா பயந்து எந்திரிச்சிர்றாங்க.