அவரைக்காய் முத்திப்போச்சு

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுதேன். இங்க எல்லாரும் சௌக்கியம். கார்த்திகை பொறந்து ஒரு வாரமாச்சு, மழை விட்டு விட்டுப் பெய்யுது. பிசான நெல் நடவு முடிஞ்சது. அப்பாவுக்கு முட்டுவலி தேவலாம். தீபாவளிக்கு நீ மட்டும் வந்துட்டுப் போனதைப் பெரியத்தை ரெண்டு தடவை கேட்டுட்டாக. மருமகளுக்கு லீவு கெடைக்கலன்னு நீ சொன்னதையே நானும் சொன்னேன்.

மழையைக் காட்டணும்னு மொட்டைமாடியைப் படம் பிடிச்சு அனுப்பினியே, அதைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அவரைப் பந்தல்ல காயெல்லாம் முத்தி மஞ்சளாத் தொங்குது. ஆடிப்பெருக்கு அன்னைக்கு விதை ஊனி, சணல் கட்டிக் கொடியை ஏத்திவிட்டு, வாரம் ஒரு படம் அவ அனுப்புவா. நாட்டு அவரை பகல் குறுகக் குறுகத்தான் பூக்கும். ஐப்பசியில பூ எடுத்தா மாசி வரைக்கும் காய்க்க வேண்டிய கொடி அது. முத்தின காயைக் கொடியில விட்டா சத்தெல்லாம் விதைக்குப் போயி, புதுப் பூ எடுக்காது. விதைக்கு ரெண்டு மூணு காய் நின்னாப் போதும், மத்ததைப் பறிச்சிரு. தூக்கிப் போடாத. தொலியை உரிச்சு உள்ள இருக்கிற பயறைப் புளிக்குழம்புல போடு, கத்திரிக்காய் ரெண்டு சேர்த்தா இன்னும் நல்லது. எட்டு வயசுலயே அப்பாவோட வயலுக்குப் போயி மடை திறந்து அடைச்சவன் நீ. கொடி வீணாப் போகுதுன்னு நான் சொல்லியா உனக்குத் தெரியணும்?

பூங்கொத்துல மை அப்பின மாதிரி கருப்பா இருக்கே, அது அசுவினி. மேகமும் குளிரும் சேர்ந்தா வந்திரும். ரொம்ப அப்பின நுனியைக் கிள்ளி எறி. மிச்சத்துல தண்ணியைப் பீச்சி அடிச்சு உதிர்த்துட்டு, 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் அடி. எண்ணெய் தண்ணியில சேராது. அதனால முதல்ல கால் கரண்டி சோப்புக் கரைசல்ல எண்ணெயைக் குழைச்சுட்டு அப்புறம் தண்ணியில ஊத்து. வெயில் சாஞ்ச பொறவு, இலைக்கு அடிப்பக்கம் நனையிற மாதிரி அடிக்கணும். வெயில்ல அடிச்சா இலை கருகிரும். எறும்பு ஏறுதான்னும் பாரு. அசுவினி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் இருக்கும்.

தொட்டி அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு பாரு. தென்னை நார்க்கழிவு போட்ட மண்ணு மழைத்தண்ணியைக் குடிச்சுட்டு விடவே விடாது. ஒவ்வொரு தொட்டியையும் ரெண்டு செங்கல் மேல தூக்கி வை, கம்பியால ஓட்டையைக் குத்தி விடு. மண்ணு ஈரமா இருந்தும் இலை தொங்குதுன்னா வேருக்குக் காத்து இல்லைன்னு அர்த்தம், அந்த நேரம் தண்ணி ஊத்தினா செடி போயிரும். 2023 டிசம்பர் 17, 18-ல பெய்ஞ்ச பேய்மழையில நம்ம புறவாசல் கத்திரி அத்தனையும் தண்ணிக்குள்ள நின்னே செத்தது உனக்குத் தெரியும். தக்காளி விதையை இப்பத் தூவாத, நாத்து அடித்தண்டு அழுகிச் சாஞ்சிரும். தைக்குப் பொறவு பார்த்துக்கலாம். வெந்தயம் மட்டும் ஒரு கைப்பிடி ராத்திரி ஊறவச்சு, மழைச்சொட்டு நேரா விழாத இடத்துல தூவு. மூணு நாலு வாரத்துல கீரை கிள்ளலாம்.

அந்த அவரைக்காயைப் பறிச்சிரு, கேட்டியா.

ராத்திரி பார்சல் வாங்கித் திங்காத. உளுந்தஞ்சோறு வைக்க அரைமணி நேரம் போதும். அரிசி 1 டம்ளர், தொலியோட உடைச்ச கருப்பு உளுந்து கால் டம்ளர். உளுந்தை வாசம் வர வறுத்துக்கோ, தொலியைக் கழுவி விட்டுராத. அரைக் கரண்டி வெந்தயம், பூண்டு 10 பல்லு, தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, உப்பு. தண்ணி மூணரை டம்ளர். குக்கர்ல நாலு சத்தம். எள்ளுத் துவையல் தொட்டுக்கோ. இது ரெண்டு பேருக்கு அளவு. நான் எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் எழுதுவேன்.

நேத்து நீ போன்ல பேசும்போது பின்னால ஒரு சத்தமும் கேக்கல. மிக்சி ஓடல, டிவி ஓடல. மழைக்காலம், கதவைச் சாத்தி வச்சிருப்பே.

சொதியையும் எழுதிருதேன். ஒரு சின்னத் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சுப் பிழிஞ்சா முதப்பால். அதைத் தனியா வை. சக்கையில ஒரு டம்ளர் ஊத்தி ரெண்டாம் பால், இன்னொரு டம்ளர் ஊத்தி மூணாம் பால். பாசிப்பருப்பு 2 கரண்டி, லேசா வறுத்துக் குழைய வேகவை. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சின்ன உள்ளி 10, பூண்டு 6 பல்லு, எல்லாம் மூணாம் பால்ல வேகட்டும். முக்கால் வேக்காட்டுல பச்சைமிளகாய் 4, ஒரு விரல்கணு இஞ்சி அரைச்ச விழுது, உப்பு, ரெண்டாம் பால், பருப்பு. கொதிச்சதும் தீயைச் சிம்முல வச்சுட்டு முதப்பாலை ஊத்து. ஓரத்துல நுரை கட்டினதும் அணைச்சிரு. கொதிக்க விட்டா பால் திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும். எலுமிச்சை அரை மூடி, அடுப்புல இருக்கும்போது பிழியவே கூடாது. இறக்கி வச்சு, சூடு தணிஞ்ச பொறவுதான் பிழியணும். சூட்டுல புளிப்பு பட்டாலும் திரியும். கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டு. தேங்காய்ப்பால் மந்தம், அதனால இஞ்சித் துவையல் இல்லாம சொதி சாப்பிடக் கூடாது.

இதுல இறக்கி வச்சுப் பிழியணுங்கிறதை அவகிட்ட நான் சொல்லலை. கடைசியில எலுமிச்சை பிழின்னு மட்டும் சொன்னேன். அவ அடுப்புல வச்சே பிழிஞ்சுட்டா, சொதி திரிஞ்சிருச்சு. வீடு நெறைய சொந்தக்காரங்க உக்காந்திருக்கும்போது, எங்க வீட்டுல சொதி ஒரு நாளும் திரிஞ்சதில்லைன்னு சொன்னேன். அது பொய், ஐயா. நான் கல்யாணமாகி வந்த முத வருஷம் எனக்கே ரெண்டு தடவை திரிஞ்சது. உங்க ஆச்சி ஒரு வார்த்தை பேசாம அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, இன்னொரு தேங்காயை உடைச்சுக் கொடுத்தாக. பந்தியில இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. நான் அவளுக்குத் தேங்காய் உடைச்சுக் கொடுக்கலை. அவ அன்னைக்குச் சாப்பிடாமத் தட்டைக் கழுவி வச்சதைப் பார்த்துட்டும் பேசாம இருந்தேன். நீயும் பார்த்தே. இந்தத் தாளை அவகிட்ட கொடு. நேர்ல கொடுக்க முடியலன்னா தபால்ல போடு.

சிறுகிழங்குக் கொடி ஆவணியில நட்டது, தை பொறந்ததும் தோண்டிருவோம். மண்ணோடதான் அனுப்புவேன், கழுவினா அழுகிப்போகும். ஊறவச்சு, சாக்குல போட்டுத் தரையில தேய்ச்சா தொலி பாதி போயிரும், மிச்சத்தைக் கத்தியால சுரண்டித் தண்ணியில போட்டு வை, இல்லன்னா கறுத்திரும். ரெண்டு கிலோ கட்டுதேன். எந்த விலாசத்துக்குன்னு எழுது. ரெண்டு விலாசம்னாலும் சரி, கிலோ கிலோவாப் பிரிச்சே கட்டுதேன்.

அம்மா